தேர்ச்சீலையில் ஒரு தெரு

கள்ளக்குறிச்சி
19.1.2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

தனு எழுதுகிறேன். போன் பண்ணிப் பண்ணிக் கை ஓய்ந்துதான் பேனாவை எடுத்தேன். நீ எந்த மலை முகட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாயோ, எப்போது அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. வெள்ளிமலை பஸ் கண்டக்டர் என் கடைக்குப் பக்கத்தில்தான் டீ குடிக்கிறார். கடிதம் கொடுத்தால் உங்கள் தையல் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது.

லேசர் மெஷின் வந்துவிட்டதடி. கச்சிராயபாளையம் ரோட்டில் மாமாவுடைய பழைய ஜெராக்ஸ் கடையில் வைத்திருக்கிறேன். ஒரு கட்டில் அகலம் இருக்கிறது. மூடியைத் திறந்து துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுவிட்டால் போதும். வெட்டுகிற ஒளி கண்ணுக்குத் தெரிவதில்லை. மெல்லிய சீறல், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் ஒரு மயில் வெட்ட நாம் ரெண்டு பேரும் எத்தனை பிளேடை முறித்தோம். இப்போது நான் டீயை ஆற்றுவதற்குள் மயில் தோகையோடு வந்து விழுகிறது.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். நம்ம ஊர்ச் செல்லியம்மன் தேருக்கு இந்தச் சித்திரையில் புதுச் சீலை. நாலு பக்கமும் தொங்கும் துணி, மூலைக்கு மூலை உருளையாக ஆடுமே அந்தத் தொம்பைகள், எல்லாமே புதுசு. அப்பா விழாக் கமிட்டியில் இருப்பதால் வேலை எனக்கு வந்துவிட்டது. வெட்டுவது நான். வரைய வேண்டியது நீ. கிளி, யாளி, தாமரை, கொடி, எதுவானாலும் உன் கை வரைந்தால்தான் அதற்கு மூச்சு வரும்.

சீலையின் கீழ்க்கரையில் ஊரிலுள்ள எல்லாத் தெருப் பெயரும் வரப்போகிறது. மஞ்சள் சாட்டினில் எழுத்தை வெட்டிச் சிவப்பு வெல்வெட்டில் ஒட்டித் தைக்கிற மாதிரி. எல்லாத் தெருவும் என்றால் எல்லாத் தெருவும்தானா என்று அப்பாவைக் கேட்டேன். "எல்லாத் தெருவும்தான். கமிட்டில பேசியாச்சு" என்றார். உங்கள் தெருவும் இருக்கிறது தர்ஷினி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

வரைந்து அனுப்பு. குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

உன்
தனுஷா


வெள்ளிமலை
2.2.2025

அன்புள்ள தனு,

உன் கடிதத்தைக் கண்டக்டர் கையிலேயே கசக்கி எடுத்து வந்து கொடுத்தார். பிரித்துப் படித்த மாதிரி தெரியவில்லை.

கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். உனக்கு இது எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தேர் எங்கள் தெரு முனைவரை வந்து அங்கேயே திரும்பிவிடும். நாங்கள் முனையில் நின்று கும்பிடுவோம். அப்பா ஒவ்வொரு வருஷமும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். வடத்தைத் தொட்டதில்லை. உங்கள் வயலில் நாற்று விட்டதும் கரும்பு வெட்டியதும் போக மிச்ச நேரத்தில் அவர் சந்தோஷமாக நின்று நான் பார்த்தது அந்த முனையில்தான். அப்படிப்பட்ட தேரில் எங்கள் தெருப் பெயர் என்றால் நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் "யாரு சொன்னது?" என்று கேட்டார். சுப்புராயன் மகள் தனுஷா சொன்னாள் என்றேன். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வரைந்தவை இதோடு இருக்கின்றன. கிளிகள் ஒன்றை ஒன்று பார்க்காமல் வெளியே பார்க்கின்றன. தேரில் இருந்துகொண்டு ஊரைப் பார்க்கட்டும் என்று அப்படிப் போட்டேன். யாளியின் பல்லை ரொம்பக் கூர்மையாக வெட்டிவிடாதே, குழந்தைகள் பயப்படும்.

எங்கள் தெருவுக்குக் காலனி என்று போட வேண்டாம். நாங்கள் எங்களுக்குள் கிழக்குத் தெரு என்றுதான் சொல்வோம். அப்படியே வெட்டு.

ஒட்டுத் தையலை யாரிடம் கொடுக்கப்போகிறாய்? அம்மாவும் தெருப் பெண்களும் செய்வார்கள். நான் சனி, ஞாயிறு இறங்கி வந்து பார்த்துக்கொள்கிறேன். இங்கே மலைப் பெண்களுக்கு நான்தான் தையல் டீச்சர், நம்பு. என் ஹெம்மிங்கைப் பார்த்துச் சிரித்தவள்தானே நீ.

அன்புடன்
தேவதர்ஷினி


கள்ளக்குறிச்சி
20.2.2025

என் தர்ஷினி,

கிளிகளைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படியே ஸ்கேன் செய்து வெட்டினேன். ஒரு கோடு மாற்றவில்லை.

முதலில் காட்டனில் முயற்சி செய்து கெடுத்தேன். ஓரமெல்லாம் பழுப்பாகிக் கருகல் வாடை. அம்மா கடைக்கு வந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சோறு அடிபிடித்துவிட்டதா என்றார். சாட்டினில்தான் அழகாக வருகிறது. சூட்டில் ஓரம் தானே உருகி ஒட்டிக்கொள்கிறது, நூல் பிரியவே பிரியாது. வெல்வெட்டில் வேறு ஒரு வேடிக்கை. வெட்டாமல் மேலாக ஒளியை ஓடவிட்டால் மேலே நிற்கும் மெல்லிய மயிரை மட்டும் லேசாகக் கருக்கி, படம் அச்சடித்த மாதிரி அமுங்கி நிற்கிறது. தாமரையை அப்படிச் செய்திருக்கிறேன். விரலால் தடவினால்தான் இருக்கிறது என்று தெரியும். ஒரு துண்டு வைத்திருக்கிறேன், தடவிப் பார்.

உங்கள் அம்மா சாலம்மாளும் நாலைந்து பேரும் வந்து துணிகளை வாங்கிப் போனார்கள். அப்பாவிடம் சொன்னேன். "தைக்கிறது யாரா இருந்தா இன்னா, நல்லாத் தைச்சா சரி" என்றார். தர்ஷினி, அவர்கள் தைத்துத் தந்த முதல் தொம்பையைக் கடையில் தொங்கவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

கீழ்க்கரையின் எழுத்தை இன்னும் வெட்டவில்லை. கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஒரு தாமரை. கிழக்குத் தெரு என்றுதான் போட்டிருக்கிறேன், நீ சொன்னபடி.

உன்
தனு


வெள்ளிமலை
16.3.2025

அன்புள்ள தனு,

தாமரைத் துண்டை என் மாணவிகள் கைமாற்றிக் கைமாற்றித் தடவியதில் அதன் வெல்வெட் பாதி தேய்ந்துவிட்டது. ரங்கம்மாள் என்று ஒரு பெண், எனக்கு அம்மா வயது. கண்ணை மூடிக்கொண்டு தடவி எத்தனை இதழ் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தெரு இப்போது தையல் தெருவாகிவிட்டது. வேலைக்குப் போய்வந்த பிறகு பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து யாளிக்குக் கண் தைக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அம்மனிடம் இத்தனை நெருக்கமான வேலை வந்ததில்லை என்று அம்மா சொன்னார். துணியை மடியில் வைக்கும் முன் கையைக் கழுவிவிட்டு வருகிறார்கள்.

என் தம்பி தமிழழகன் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். திருநாவலூரிலிருந்து சித்தி குடும்பம் வருகிறது. நான் அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தேன். எதற்கு என்று கேட்டார், தேருக்கு என்றேன். போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

கீழ்க்கரை எப்படி வந்தது என்று நீ எழுதவே இல்லையே. அது மட்டும் தையலுக்கு எங்களிடம் வரவில்லை என்று அம்மா சொன்னார். நீயே கடையில் வைத்துத் தைக்கிறாயா? நேரில் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறாய் போல. சரி. தேருக்கு லீவு சொல்லியாகிவிட்டது.

அன்புடன்
தர்ஷினி


கள்ளக்குறிச்சி
14.4.2025

தர்ஷினிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கடையில் வேலை ஜாஸ்தி. பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண ஜாக்கெட்டுகள், மெஷினின் கண்ணாடியில் புகை படிந்து ஒரு வாரம் வெட்டு சரியாக விழவில்லை. அதான் எழுதவில்லை.

சீலையைக் கோயிலில் ஒப்படைத்தாயிற்று. இந்த வருஷம் வெயில் கொளுத்துகிறது, கூட்டமும் அதிகமாக இருக்கும் என்கிறார்கள். மலையிலிருந்து அவ்வளவு தூரம் அலைந்து நீ தேருக்கு வர வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விழா முடிந்ததும் நானே அங்கே வருகிறேன். ரெண்டு நாள் தங்குகிறேன். உன்னிடம் பேச வேண்டும்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

தனுஷா


வெள்ளிமலை
28.4.2025

தனு,

வர வேண்டாம் என்று நீ எழுதியதை நான் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். கண்டக்டரிடம்கூடச் சிரித்துக்கொண்டு சொன்னேன், என் தோழிக்கு என்மேல் வெயில் படக் கூடாதாம் என்று.

தேர் எங்கள் முனைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருவே வந்திருந்தது. திருநாவலூர்ச் சித்தி, கைக்குழந்தைக்காரிகள், யாளிக்குக் கண் தைத்தவர்கள் எல்லாரும். அப்பா முன்னால் நின்றார். கிளிகள் நன்றாக இருந்தன. நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தன. தேர் திரும்பும்போது நாலு பக்கமும் காட்டும் அல்லவா, நான் கீழ்க்கரையைப் படித்துக்கொண்டே வந்தேன். கோயில் தெரு, மேட்டுத் தெரு, கடைத் தெரு, ஏரிக்கரைத் தெரு, நடுத் தெரு, பள்ளிக்கூடத் தெரு. பிறகு மறுபடி கோயில் தெரு வந்துவிட்டது.

முதலில் நான்தான் தவறவிட்டேன் என்று நினைத்தேன். எங்கேயாவது ஒட்டுப் போட்ட அடையாளம், காலி இடம், பிரித்த தையல் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அந்தப் பெயர் அங்கே இருந்ததே இல்லை என்பதுபோல இருந்தது.

என் பக்கத்தில் நின்ற படித்த பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நான்தானே வீடு வீடாகச் சொன்னேன். நான்தானே அவர்களைத் துணி எடுக்க வைத்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தேர்ச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ தேரின் அந்தப் பக்கம் உன் அம்மாவோடு நின்றாய். என்னைப் பார்த்தாய். பிறகு பூக்கடைக்குப் பின்னால் போய்விட்டாய்.

நீ போன் பண்ணியதாகக் கண்டக்டர் சொன்னார். எடுக்க மாட்டேன்.

தேவதர்ஷினி


கள்ளக்குறிச்சி
4.5.2025

தர்ஷினி,

பூக்கடைக்குப் பின்னால் போய் நின்றது நான்தான். கால் தானாகப் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தானாகப் போகவில்லை. உன் அப்பா புதுச்சட்டையில் நிற்பதைப் பார்த்தேன், அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மார்ச் மாதம் ஒரு மதியம் அப்பா கமிட்டிக்காரர்கள் ரெண்டு பேரோடு கடைக்கு வந்தார். கீழ்க்கரையைக் காட்டச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் காட்டினேன். ஒருவர் திரையில் விரல் வைத்து, "இது வேணாம்" என்றார். அப்பா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எல்லாரும் ஒத்துக்கொண்டதுதானே அப்பா என்றேன். அப்போது ஒத்துக்கொண்டார்களாம், இப்போது மேட்டுத் தெரு ஆட்கள் அந்தப் பெயர் இருந்தால் வடம் பிடிக்க மாட்டோம் என்கிறார்களாம். "தேர் நிக்கக் கூடாதும்மா. ஒரு பேருக்காகத் தேரு நின்னுச்சுன்னா, நாளைக்குப் பழி அந்தத் தெரு மேலதான் வரும். அவங்க நல்லதுக்குந்தான் சொல்றேன்" என்றார்.

நான் பேசிப் பார்த்தேன். கொஞ்சம்தான். அவர்களுக்கு வாங்கி வந்த டீ ஆறும்வரை பேசியிருப்பேன். அப்புறம் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அதற்கு ஒரு பொத்தான்தான், தெரியுமா.

அழித்ததும் அங்கே ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. "அது தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். நீ தையல் பிரித்திருக்கிறதா என்று தேடினாயே, இருக்காது. மிச்சப் பெயர்களைத் தள்ளித் தள்ளி வைத்து, தாமரைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, மறுபடி மறுபடி அளந்து சரி செய்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லி என் பக்கத்தில் நிற்கவில்லை. நானே உட்கார்ந்து செய்தேன். நடுவில் ஒரு நிமிஷம் நன்றாக வந்திருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால்தான் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அந்தத் துணியை மட்டும் உங்கள் அம்மாவிடம் தராமல் வேறு இடத்தில் தைக்கக் கொடுத்தேன். உனக்கு எழுதத் தைரியம் இல்லாமல் வெயில் என்று எழுதினேன்.

நீ திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தனு


கள்ளக்குறிச்சி
25.5.2025

தர்ஷினி,

உன் பதில் வரவில்லை. கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையை விரித்துவிடுகிறார்.

எனக்குத் தாங்கவில்லை. போன ஞாயிறு நான் உங்கள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் உங்கள் தெருவுக்குள் நான் வந்தது அதுதான் முதல் தடவை. அதை எழுதும்போதே கூசுகிறது. நீ எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பின்பக்கக் கதவு வழியாக வந்ததை நான் இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

உன் அப்பா முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உன் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார். நான் உட்கார்ந்தேன், அவர் உட்காரவில்லை. உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் பாப்பா" என்றார். உன் அம்மா கலர் வாங்கிவரத் தமிழழகனை அனுப்பினார்.

நான் சொல்லிவிட்டேன். தேர்ச்சீலையில் உங்கள் தெருப் பெயரை எடுத்தது நான்தான், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "எந்தப் பக்கமும் இல்லீங்களா பாப்பா? கெழக்கால பக்கம் கூடவா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். "பரவால்ல. நீ இன்னா பண்ணுவ, சின்னப் புள்ள. இதுக்குப் போயி வெயில்ல வந்துகினு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அம்மாதான் முதுகைத் தடவிக் கொடுத்தார். கலர் குடிக்க வைத்து, தெரு முனைவரை வந்து அனுப்பி வைத்தார்கள்.

உன் அப்பா மன்னித்துவிட்டார் தர்ஷினி. இத்தனை நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நான் சரியாகச் சாப்பிட்டேன். நீயும் ஒரு வரி எழுது.

தனு


வெள்ளிமலை
12.6.2025

தனு,

நீ எங்கள் வீட்டுக்குப் போய்விட்டு நன்றாகச் சாப்பிட்டாய். எங்கள் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உனக்கு இது தெரியுமா என்று எனக்கு நினைவில்லை. தேரன்று அவர் என் தோளைத் தொட்டு, "எதும்மா நம்முது?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? தேர் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பிய பெயர் மேட்டுத் தெரு. அதைக் காட்டி, இதுதான்பா என்றேன். அவர் அதைக் கும்பிட்டார். தேர் முழுக்கத் திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தமிழழகன் என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. கூட நின்ற பிள்ளைகளும் பேசவில்லை. அன்று இரவே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் தெருவே அவரிடம் மறைத்தது. ரிஷிவந்தியம் சந்தையில் பார்த்தவரிடமெல்லாம் எங்க தெரு பேர் தேரில் ஏறிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவர் வாயை அடைக்கவில்லை.

போன கடிதத்தில் இதை உனக்கு எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. என் அப்பாவுக்கு நான் பொய்யைக் காட்டிக் கும்பிட வைத்தேன் என்று எப்படி எழுதுவது?

அப்புறம் நீ போனாய். உன் மனசு ஆறுவதற்காகப் போனாய். அவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். உனக்கு ஆறுதலும் சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்? நீ சுப்புராயன் மகள். மறுநாள் காலையில் அவர் உங்கள் வயலில்தான் இறங்க வேண்டும். பரவாயில்லை என்பதைத் தவிர உனக்குச் சொல்ல அவருக்கு வேறு சொல் யாரும் விட்டு வைக்கவில்லை. அதை நீ மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

நீ முனை தாண்டியதும் அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அந்த வாரம் நான் ஊருக்கு வந்தபோது என்னைக் கேட்டார், "அன்னிக்கு நான் கும்புட்டது யாரு பேரு?" சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம் உங்கள் வயலுக்கு அவர் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறார், இந்த வயதில்.

நீ தவறு செய்தது கடையில், உன் அப்பாவுக்கும் ரெண்டு பேருக்கும் முன்னால். அங்கே பேசாத வாயை எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் வந்து திறந்தாய். கேட்க முடியாதவரிடம் கேட்பது சுலபம். நானும் அதையேதான் செய்தேன், படிக்க முடியாதவரிடம் பொய் சொன்னேன். அதனால் உன்னைப் பெரிதாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இனி எழுத வேண்டாம்.

தேவதர்ஷினி


கள்ளக்குறிச்சி
21.7.2025

தர்ஷினி,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். பதில் கேட்டு எழுதவில்லை. சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னேன் என்பதை உனக்குத் தெரிவிக்க எழுதுகிறேன்.

ஆடித் திருவிழாவுக்காகக் கோயிலில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். பெண்கள் யாரும் போவதில்லை. நான் போனேன். சீலை நன்றாக இருந்தது என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து, அந்தச் சீலை முடியவில்லை என்றேன். கிழக்குத் தெருக்காரர்கள் தைத்த சீலையில் கிழக்குத் தெருப் பெயர் இல்லை, எடுக்கச் சொன்னது நீங்கள், எடுத்தது நான், என்னிடம் கொடுத்தால் கீழ்க்கரையை மறுபடி வெட்டித் தருகிறேன் என்றேன். அழகாகப் பேசவில்லை.

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சாமி துணியைத் திரும்பக் கத்தரிக்கக் கூடாது என்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. "வூட்டுக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னார். நான் நின்றேன். கூட்டம் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. நான் நின்றுகொண்டிருப்பதை எல்லாரும் மறந்த பிறகு வெளியே வந்தேன்.

ஒன்றும் மாறவில்லை. சீலை அப்படியேதான் மடித்துக் கோயில் பெட்டியில் இருக்கிறது. கோயில் வேலை இனி எனக்கு வராது. அப்பா என்னோடு பேசுவதில்லை. வீட்டில் ஒரு தடவை, உன் அப்பாவைப் பற்றி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேடியப்பன் எங்கூட இருவது வருசமா வயல்ல நின்னவன். அவன் வரலன்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" அவருக்கும் உள்ளே கூசுகிறது என்று நினைக்கிறேன். அதை வெளியே சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இவ்வளவு நாள் தெரியவில்லை.

உன் அப்பாவைத் தேடி நான் போகவில்லை. ஒருநாள் நீதிமன்றம் பக்கம் சாரத்தின் கீழ் மணல் சலித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். நின்றால் அவர் எழுந்து நிற்பார்.

நீ வரைந்த கிளிகளை வேறு எந்தத் துணியிலும் வெட்டவில்லை. வெட்டவும் மாட்டேன்.

தனுஷா


வெள்ளிமலை
30.11.2025

திருமதி/செல்வி சு. தனுஷா அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் பயிற்சி நிலையப் பெண்கள் தைத்த கைப்பைகள் தை மாதம் சேலத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் போகின்றன. ஒவ்வொரு பையிலும் அதைத் தைத்தவர் பெயர் துணி எழுத்தில் இருக்க வேண்டும் என்று பெண்கள் விரும்புகிறார்கள். சேலத்தில் விசாரித்தேன். அங்கே வெட்டிய மாதிரித் துண்டுகளில் ஓரம் சுத்தமாக இல்லை. உங்கள் வேலை சுத்தமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே உங்களிடம் கொடுக்கிறேன். மற்றவர்களிடம் வாங்கும் அதே கூலியை வாங்கிக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டாம்.

பச்சை சாட்டின் துணி இத்துடன் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெயர்கள்:

ரங்கம்மாள்
தங்கமணி
பொன்னுருவி
அருள்மொழி
குப்பாயி
ஆண்டியம்மாள்
சின்னக்கண்ணு ராமாயி

கடைசிப் பெயர் நீளமானது. சின்னக்கண்ணு என்று நிறுத்திக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டேன். இரண்டும் தன் பெயர்தான் என்றார். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள். பெயரைக் குறைக்க வேண்டாம்.

என் அப்பா மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகிறார். நன்றாக இருக்கிறார். கூட்டத்தில் நீங்கள் பேசியதைத் தமிழழகன் கேள்விப்பட்டு வந்து அவரிடம் சொன்னான். "அந்தப் புள்ளயா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் இதற்கு மேல் கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

வெட்டிய எழுத்துகளைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். அடுத்த சனிக்கிழமை நானே கடைக்கு வருகிறேன். ஒவ்வொரு பெயரையும் மேசையில் வைத்துப் படித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு
வே. தேவதர்ஷினி
தையல் பயிற்றுநர்